பேராறு எது? கொப்பலா, கித்ராப்பூரா?

குடந்தைக்காரன்:
முதலாம் ராஜாதிராஜ சோழன் சாளுக்கியரோடு நடந்த போரில் யானைமேல் துஞ்சிய, அதாவது உயிர்விட்ட கொப்பம், கர்நாடகத்துக் கொப்பல்தானாம். யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பெயர் ஒத்துப்போனால் போதுமா? சோழர் கல்வெட்டில் வரும் அரசர் புகழுரையான மெய்க்கீர்த்தி ‘பேராற்றங்கரைக் கொப்பத்து’ என்கிறது. கொப்பலில் ரயிலிறங்கி ஆறு எங்கே என்று கேட்டவன் நான். ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துங்கபத்திரையின் முனிராபாத் அணைக்குப் போகப் பேரம் பேச ஆரம்பித்தார். இதுவா கரை?

துங்கைக்கரை:
அந்த ‘ஒருவர்’ நான்தான். நேராகவே திட்டலாம். போர் என்ன ரயில் நிலைய வாசலிலா நடந்தது? சுற்றுவட்டாரமும் சேர்த்துத்தான் கொப்பம். பழங்கன்னட நூலான கவிராஜமார்க்கத்திலேயே பெயர் வரும் பழைய ஊர் அது.

குடந்தைக்காரன்:
கரை என்றால் கரை. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் கிருஷ்ணைக்குப் பெயர் ‘பெர்தொரெ’. அதை அப்படியே தமிழாக்கினால் பேராறு. மகாராஷ்டிரத்துக் கித்ராப்பூர் கிருஷ்ணைக் கரையில், கோப்பேஸ்வரர் கோயிலோடு இருக்கிறது. அண்ணன் விழுந்த களத்திலேயே முடிசூடிய இரண்டாம் ராஜேந்திரன் ஜயஸ்தம்பம் நாட்டியது கொல்லாபுரத்தில். அதாவது கோலாப்பூரில். அதற்குப் பக்கத்தில் இருப்பது கித்ராப்பூரா, கொப்பலா?

துங்கைக்கரை:
அந்தக் கோயில் 12ஆம் நூற்றாண்டுச் சிலாகார மன்னர்கள் கட்டியது. போர் 1054இல். பின்னால் வந்த கோயிலை வைத்து முன்னால் நடந்த போருக்கு இடம் பிடிக்கிறீர்கள், பேஷ்! பாரதப்புழைக்கும் பேராறு என்று பெயருண்டு. கேரளத்திலும் ஒரு எட்டு தேடிப் பாருங்களேன்.

ஏட்டுப்பூச்சி:
1054 என்று யார் முடிவு செய்தது? 1052 என்றும் நூல்களில் இருக்கிறதே.

குடந்தைக்காரன்:
ஐயா, ஆண்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் கரை. சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன் எதிர்த்து வந்தது பேராற்றங்கரைக்கு. குளக்கரைக்கு அல்ல.

வேம்படியான்:
சோழர் சாளுக்கியரோடு மோதிய இன்னொரு களமான கூடல்சங்கமத்துக்கும் இதே கூத்துதான். மலப்பிரபை கிருஷ்ணையில் கலக்கும் இடமா, துங்கையும் பத்திரையும் சேரும் கூடலியா என்று போன வருடம் 3 நாள் அடித்துக்கொண்டீர்கள்.

துங்கைக்கரை:
அப்போது இவர் என்னைக் ‘கூகுள் புலவர்’ என்றார். மறக்கவில்லை.

குடந்தைக்காரன்:
இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். தமிழ் தெரிந்தவனுக்குக் கரை என்றால் என்னவென்று தெரியும்.

துங்கைக்கரை:
என் தமிழை அளக்க நீங்கள் யார்? துங்கபத்திரை சின்ன ஆறா? வாருங்கள், நானே காட்டுகிறேன்.

குடந்தைக்காரன்:
ஆட்டோக் காசு யார் தருவது?