நொச்சி ஒத்தடம் யாருக்காவது கைகொடுத்ததா?

கோயில் வேலி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். குனிந்து நிமிர்ந்தே இரண்டு முட்டியும் போய்விட்டன. கிளினிக்கில் தேய்மானம் என்றார்கள். மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது என்று புலம்பல். அப்புறம்தான் பக்கத்து வீட்டு அத்தை நொச்சியை ஞாபகப்படுத்தினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை இடித்துச் செம்பனை நட்டபோதும் கோயில் வேலியோரத்துச் செடி மட்டும் தப்பித்திருந்தது.

விரல் விரித்தாற்போல் ஐந்து இலை, அடிப்பக்கம் வெளுப்பு, கசக்கினால் நெடி மூக்கைத் துளைக்கும். இரண்டு கைப்பிடி உருவி, விளக்கெண்ணெய் விட்டு இரும்புச் சட்டியில் வதக்கி, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் முடிந்துகொள்வேன். என் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் அம்மாவின் முட்டிக்குப் போகும். அதற்குள் "ஆறிப்போச்சு, திரும்ப சட்டில போடு" என்பார். மூன்று வாரம் விடாமல் செய்தோம். வீக்கம் முழுதாக வடியவில்லை. ஆனால் காலையில் சுவரைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போகிறார். இலையில் பாதி, சூட்டில் பாதி என்றே நினைக்கிறேன்.

லாரிக்காரர் மகன்:
அக்கா, எல்லா வீக்கத்துக்கும் சூடு ஆகாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு ஒரு ராத்திரியில் கால் பெருவிரல் தக்காளியாய்ச் சிவந்தது. போர்வை உரசினாலே கத்தினார். நான் பெரிய வைத்தியன் மாதிரி நொச்சி ஒத்தடம் வைத்தேன். அன்று வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. யூரிக் அமிலம் கூடி, மூட்டுக்குள் படிகமாய்த் தங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஐஸ்தான் வைக்கச் சொன்னார். எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) மிசாய் கூச்சிங் இலையைக் காயவைத்துக் கொடுத்தார், நம் ஆட்கள் பூனை மீசை என்பார்களே, அதுதான். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் அப்பா குடிக்கிறார். மாத்திரையை நிறுத்தவில்லை.

மூன்றாம் நம்பர் லயம்:
இலையாவது பரவாயில்லை. என் மாமியார் கதையைக் கேளுங்கள். பாசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், ஒருவன் விற்ற கறுப்பு உருண்டை, "நூறு சதவீதம் மூலிகை" என்று புட்டியில் ஒட்டியிருந்தது. இரண்டே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. படியேறினார், சம்பல் இடித்தார். நாங்களும் இன்னும் இரண்டு புட்டி வாங்கினோம். மூன்று மாதத்தில் முகம் பௌர்ணமி நிலவாய் உப்பியது, கை கால் மெலிந்தது, லேசாக இடித்தாலும் தோல் கன்றியது, இனிப்பு நீரும் (சர்க்கரை) எகிறியது. உருண்டையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்படிக் கலப்படம் செய்த பொருள்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. புட்டியைத் திருப்பிப் பார்த்தால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லை, ஹாலோகிராமும் இல்லை. வாங்கும்போது யார் பார்த்தோம்? தூக்கி எறியப் போனேன், டாக்டர் தடுத்தார். உடம்பு பழகிவிட்டதால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தாம். மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். இப்போது யாராவது "ரெண்டே நாள்ல குணம்" என்றால் எனக்கு வயிறு கலங்குகிறது.

தோசைக்கல்:
எங்கள் வீட்டில் முடக்கத்தான்தான். முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான், அதுதான் பேச்சில் இப்படி ஆனது. வாரம் ஒருமுறை அரிசியோடு அரைத்துத் தோசை. லேசாகக் கசக்கும், சின்ன வெங்காயம் போட்டால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். முட்டிவலி குறைந்ததா என்றால் அடித்துச் சொல்லமாட்டேன். தோசை நன்றாக இருக்கும். காய் காகித பலூன் மாதிரி, உடைத்தால் கறுப்பு விதையில் வெள்ளையாய் ஓர் இதயம் வரைந்திருக்கும். பிள்ளைகள் அதைப் பொறுக்கவே கால்வாயோரம் போவார்கள்.

கோயில் வேலி:
லாரிக்காரர் மகன், நல்ல வேளை சொன்னீர்கள். அம்மாவின் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சிவப்போ கொதிப்போ இல்லை. அலமாரியையும் கிளறினேன், புட்டி எதுவும் இல்லை, அப்பாடா. தோசைக்கல், விதை பத்து கிடைக்குமா? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவேன். பதிலுக்கு நொச்சிக் கொம்பு ஒன்று ஒடித்துத் தருகிறேன், நட்டால் பிடித்துக்கொள்ளும்.