ஆர்ச் சன்னலுக்குப் பட்டை: 1885-ஆ, 644-ஆ, எந்த நீளம் வெட்டுவது?

சன்னல்சட்டம்:
சன்னலின் மேல்பக்கம் ஆர்ச். வளைவு தொடங்கும் இரண்டு முனைகளுக்கு இடையே அகலம் 1200 மி.மீ., நடுவில் உயரம் 200 மி.மீ. இதற்குள் உட்காரும்படி 25×6 எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டையை வளைக்க வேண்டும், 6 மி.மீ. கனம் மையத்தைப் பார்த்தபடி. பட்டறையில் 1200-ஐ விட்டமாக எடுத்து, பாதிச் சுற்றளவு 1885 மி.மீ. என்கிறார்கள். இணையத்தில் கிடைத்த வாய்பாட்டில் போட்டால் ஆரம் 1000, வில்லின் நீளம் சுமார் 644 வருகிறது. எது சரி? பை-க்கு 22/7 போட்டதுதான் காரணமா?

கோணமானி:
இரண்டும் தவறு, 22/7 மேல் பழி போட வேண்டாம். நடு உயரம் 600 ஆக இருந்தால்தான் அது அரைவட்டம், அப்போதுதான் 1885 சரி. 644 வரக்கூடாது என்பது பார்த்தவுடனே தெரிய வேண்டும்: வளைந்து போகும் பட்டை நேராகப் போகும் 1200-ஐ விடக் குறைவாக எப்படி இருக்கும்?

ஆரம் 1000 என்பது சரிதான். வட்டத்துக்குள் இரண்டு நாண்கள் வெட்டிக்கொண்டால், ஒன்றின் இரண்டு துண்டுகளின் பெருக்கமும் மற்றதன் இரண்டு துண்டுகளின் பெருக்கமும் சமம். இங்கே ஒரு நாண் 1200 அகலக் கோடு, மற்றது அதன் நடுவில் செங்குத்தாகப் போகும் விட்டம்: 600 × 600 = 200 × (விட்டம் − 200). 360000-ஐ 200-ஆல் வகுத்தால் 1800, அதோடு 200 கூட்டினால் விட்டம் 2000, ஆரம் 1000. மையத்தைத் தேடி அலையவே வேண்டாம், அது வளைவின் அடிக்கோட்டிலிருந்து 800 மி.மீ. கீழே இருக்கிறது.

அடுத்து கோணம். பாதி அகலம் 600-ஐ ஆரம் 1000-ஆல் வகுத்தால் 0.6. அதன் தலைகீழ் சைன் 36.87 டிகிரி. இது நடுவிலிருந்து ஒரு முனை வரைக்குமான பாதிக் கோணம். நீங்கள் விட்டது இங்கேதான், இரண்டால் பெருக்கவில்லை. முழுக்கோணம் 73.74 டிகிரி. முழு வட்டச் சுற்றளவு 6283, அதில் 360-க்கு 73.74 பங்கு எடுத்தால் 1287 மி.மீ. 22/7 போட்டாலும் 1287.5 தான். 22/7 எப்போதும் பை-யை விடத் துளி கூடுதல், அதனால் பிழை வந்தாலும் நீளப் பக்கம்தான் வரும். இரும்பு வெட்டுகிறவருக்கு அது நல்லதே.

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வராவிட்டால் ரேடியனிலோ கிரேடியனிலோ நிற்கிறது.

1287 என்பது பட்டையின் வெளி விளிம்பு. வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருங்கும், நடுக்கோடு மட்டும் நீளம் மாறாது. நடுக்கோட்டின் ஆரம் 997, ஆகவே வெட்ட வேண்டியது 1283. நாலு மில்லி, ஒரு நூலுக்கு (அரைக்கால் அங்குலம்) மேல். சுவருக்கும் பட்டைக்கும் சந்து விடுவதானால் அதையும் ஆரத்தில் முதலிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.

ரசமட்டம்:
கணக்கு சரி. அளவு எடுத்தது பூச்சுக்கு முன்பா, பின்பா? அதைச் சொல்லவில்லையே. சுற்றிலும் 12 மி.மீ. பூச்சு ஏறினால் ஆரம் 988, அகலம் 1176, உயரம் 194 ஆகிவிடும். வில்லின் நீளம் 1260 தான் வரும், 27 மி.மீ. குறைவு. வெறும் செங்கல்லை அளந்து வெட்டிய சட்டம் பூச்சு முடிந்த திறப்புக்குள் நுழையாது.

இன்னொன்று, ஆரம் உயரத்தின் மேல்தான் ஆடும். 200-க்குப் பதில் 195 என்று படித்தால் ஆரம் 1020 தாண்டும், நீளமோ 4 மி.மீ. மட்டும் மாறும். நீளம் ஒத்துப்போகிறதே என்று நம்பி வளைத்தால் நடுவில் இடைவெளி தெரியும். வளைவு தொடங்கும் இரு புள்ளிகளிலும் நூல் இழுத்துக் கட்டி, அது மட்டமா என்று பார்த்து, நூலிலிருந்து செங்குத்தாக உயரம் எடுங்கள்.

கொத்தனார் கட்டியது உண்மையில் வட்டத்தின் துண்டுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் 300 மி.மீ. தள்ளி நூலிலிருந்து உயரம் 154 இருக்க வேண்டும். 165, 170 என்று வந்தால் தோள் பருத்த வளைவு. அதற்கு இந்த வாய்பாடு எதுவும் உதவாது, அட்டையை வைத்து அச்சு எடுப்பதுதான் வழி.

சன்னல்சட்டம்:
பூச்சு முடிந்துதான் அளந்தேன். 300-இல் இடது 153, வலது 155. பட்டறையில் இருப்பது சாதாரண கால்குலேட்டர், சைன் கிடையாது. வளைத்த பிறகு சரிபார்ப்பது எப்படி?

பட்டைக்கம்பி:
அப்படியானால் வட்டம்தான், ஒரு மில்லியைப் பூச்சுக்கு விட்டுவிடலாம். சைன் வேண்டாம், வர்க்கமூலம் போதும். முனையிலிருந்து வளைவின் உச்சிக்கு நேர்தூரம்: 600-இன் வர்க்கம், 200-இன் வர்க்கம் இரண்டையும் கூட்டி மூலம் எடுத்தால் 632.5. அதை 8-ஆல் பெருக்கி, 1200 கழித்து, 3-ஆல் வகுத்தால் 1286.7. உண்மை நீளத்துக்கும் இதற்கும் அரை மில்லிகூட வித்தியாசம் இல்லை. டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 17-ஆம் நூற்றாண்டில் கொடுத்த வழி இது. சப்பையான ஆர்ச்சுக்கு அருமையாகப் பொருந்தும், அரைவட்டத்தை நெருங்க நெருங்கப் பிழை கூடும்.

1283-ஐ அப்படியே வெட்டி ரோலரில் கொடுத்துவிடாதீர்கள். மூன்று ரோலர் மெஷினில் இரண்டு முனையும் கொஞ்சம் நேராகவே நின்றுவிடும். கீழ் ரோலர்களின் இடைவெளியில் பாதியாவது ஒவ்வொரு முனையிலும் கூடுதலாக விட்டு, வளைத்த பின் வெட்டுங்கள். ரோலரிலிருந்து எடுத்ததும் பட்டை சற்று விரியும், அதனால் ஒரே அழுத்தில் முடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

சரிபார்க்க 400 மி.மீ. நேர்ப் பலகை போதும். பட்டையின் உள்பக்கம் இரு முனையும் தொடும்படி வையுங்கள். உள் ஆரம் 994, நடுவில் இடைவெளி 20.3 மி.மீ. இருக்க வேண்டும். கூடினால் அதிகம் வளைந்துவிட்டது, குறைந்தால் இன்னொரு சுற்று. பல இடத்தில் வைத்துப் பாருங்கள், நடு மட்டும் சரியாக இருந்து ஓரம் தளர்ந்திருப்பது வழக்கம்.

தரையில் முழு அளவு வரைய 1 மீட்டர் கயிறு தேவையில்லை, கயிறு இழுபட்டுப் பிழைதான் தரும். 1200 கோடு போட்டு, நடுவிலிருந்து இருபுறமும் 100 மி.மீ.க்கு ஒரு புள்ளி. நடுவில் உயரம் 200, பிறகு வரிசையாக 195, 179.8, 153.9, 116.5, 66, 0. புள்ளிகளை இணைத்தால் இதே வளைவு. கடைசி 100 மி.மீ.யில் 66 இறங்குகிறது, அங்கே 550-இல் ஒரு புள்ளி கூட வைத்துக்கொள்ளுங்கள்: 35.2.