அல் குவாவில் பால்வீதி: கண்ணுக்குத் தெரிந்தது, படத்தில் மங்கல். எங்கே தப்பு?

முசாஃபாக்காரன்:
அபுதாபி முசாஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஏப்ரல் அமாவாசைக்கு நாலு பேர் வாடகைக் கார் எடுத்து, அல் ஐனுக்குத் தெற்கே பாலைவனத்தில் இருக்கும் அல் குவா போனோம். சின்ன வயதில் கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் பார்த்த பால்வீதி, அங்கே வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

கேமரா ஏபிஎஸ்-சி சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சின்னது), கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். 18 மி.மீ., எஃப் 3.5, 30 நொடி, ஐஎஸ்ஓ 3200. நட்சத்திரம் எவ்வளவோ தூரம்தானே என்று ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருகிவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் அரிசி மாதிரி நீளம், அதுவும் ஊறின அரிசி. இரண்டு மணிக்கு மேல் எடுத்ததெல்லாம் பால் ஊற்றியது போல வெளுப்பு. லென்ஸ்தான் மட்டம் என்கிறான் ரூம்மேட். 14 மி.மீ. எஃப் 2.8 வாங்கலாமா? சம்பளத்தில் பாதி போய்விடும்.

கேட்டைமூலம்:
வாங்காதீர்கள். இதில் மூன்று தப்பு இருக்கிறது, மூன்றும் அந்த லென்ஸின் தலையில் விழக்கூடாது.

அரிசி நீளமானது 30 நொடியால். அதற்குள் வானம் முழு நிலவின் அகலத்தில் கால் பங்கு நகர்ந்துவிடும். 13 நொடிக்கு இறக்குங்கள். அரிசி ஊறியது ஃபோகஸால். கிட் லென்ஸ் வளையம் முடிவிலியைத் தாண்டியும் சுற்றும். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும்வரை மெல்லத் திருப்புங்கள். அப்புறம் வளையத்தில் ஒரு துண்டு டேப். இருட்டில் கை பட்டு நகர்ந்து நான் ஒரு ராத்திரி முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

வெளுப்பு பனி. பாலைவனம் என்றால் காய்ந்த காற்று என்று நானும் நம்பியவன்தான். வளைகுடா ஈரம் உள்ளே வரை வரும். வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி தன் சூட்டை மேலே விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், உடனே வியர்க்கும். யுஎஸ்பி ஹீட்டர் பட்டை ஒன்றை லென்ஸில் சுற்றிப் பவர்பேங்கில் செருகினால் தீர்ந்தது. துணியால் துடைக்க மட்டும் செய்யாதீர்கள், மணல் கீறிவிடும். முதல் தடவை நான் பனியன் நுனியால் துடைத்தேன். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

திசை தெற்கு. கேட்டையின் சிவப்பைப் பிடித்துக்கொண்டு மூலம் வரை இறங்குங்கள், தேளின் கொடுக்கு. பால்வீதியின் கொழுத்த பகுதி அதை ஒட்டித்தான். ஊரில் இதைவிட உயரமாக ஏறும், என்ன செய்வது, ஊரில் இருட்டு இல்லை. அல் ஐன் வெளிச்சம் வடக்கே, முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

மணல்வண்டி:
எஃப் 2.8 என்றாலும் ஒளி ஒன்றரை மடங்காகத்தான் கூடும். அதே இடத்தில் இருபது படம் எடுத்து, சீக்வேட்டர் என்கிற கணினி மென்பொருளில் ஒன்றாக அடுக்குங்கள், இலவசம். புள்ளி புள்ளியான இரைச்சல் அடங்கிவிடும். என்ன கார்? செடான் என்றால் தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். ஃபோர் வீல் என்றால் டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு மணலில் ஏற்றுங்கள், திரும்பக் காற்றடிக்கப் பம்ப் கையில் இருக்கட்டும்.

முசாஃபாக்காரன்:
செடான்தான் அண்ணே. ரோட்டோரத்திலேயே நின்றோம், ஒட்டகம் ஒன்று வந்து ட்ரைபாடை மோந்து பார்த்துவிட்டுப் போனது. பழைய படங்களைத் திறந்து பார்த்தேன்: 11.40க்கு எடுத்த முதல் படமே மங்கல், அப்போது பனியும் இல்லை. ஃபோகஸ்தான். ரூம்மேட்டிடம் காட்டினேன், பேச்சை மாற்றிவிட்டான். ஹீட்டர் பட்டை ஆர்டர் போட்டாச்சு. ஒரு சந்தேகம்: பத்தாயிரம் எம்ஏஎச் பவர்பேங்க் விடியும்வரை தாங்குமா?

கேட்டைமூலம்:
பட்டையைக் குறைந்த சூட்டில் வையுங்கள், தாங்கும். போனை அதில் சார்ஜ் போடாமல் இருந்தால்.