மறு: 'நோபிள் காஸ் கரப்ஷன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

நல்ல நோக்கத்துக்காக என்று சொல்லிக்கொண்டு போலீஸ் செய்யும் தப்பைக் குறிக்கும் 'நோபிள் காஸ் கரப்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குழுவில் வந்த 'உன்னத நோக்க ஊழல்' எனக்கு ஒட்டவில்லை. ஊழல் என்றதும் இன்று யாருக்கும் பணம் கைமாறுவதுதான் நினைவுக்கு வரும், நாமோ காசே வாங்காத போலீஸ்காரர் செய்யும் தப்புக்குப் பேர் தேடுகிறோம். இவன்தான் குற்றவாளி என்று மனதுக்குள் முடிவுகட்டிவிட்டு, சாட்சியம் போதாதபோது தானே ஒன்றைக் கொண்டுபோய் வைப்பது, கோர்ட்டில் பொய் சொல்வது, அடித்து வாக்குமூலம் வாங்குவது, இதெல்லாம். மாமூல் வேறு கதை.

ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1958இல் வெளிவந்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தில் வரும் க்வின்லனை வைத்துச் சோதித்துப் பாருங்கள். அமெரிக்க, மெக்சிகோ எல்லை ஊரில் பெரிய பேர் வாங்கிய அதிகாரி. இவருடைய மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் தப்பிவிட்டான், அதன்பிறகு இவர் கையில் சிக்கிய யாரும் தப்பியதில்லை. கார் குண்டுவெடிப்புக் கொலையில் இவர் சந்தேகப்படும் சான்செஸ் என்ற இளைஞன் வீட்டில், சற்றுமுன் காலியாக இருந்த செருப்புப் பெட்டியில் திடீரென்று டைனமைட் 'கிடைக்கிறது'. இவ்வளவுக்கும் சேர்த்துவைத்த சொத்தென்று பார்த்தால் ஒரு வான்கோழிப் பண்ணைதான்.

இதுவரை 'உன்னத நோக்கம்' பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் வர்காஸ் என்ற மெக்சிகோ அதிகாரி குட்டை உடைக்கப் போனதும் க்வின்லன் என்ன செய்கிறார்? கிராண்டி என்ற ரவுடித் தலைவனைத் தானே கொன்று, அந்தப் பழி வர்காஸின் மனைவிமேல் விழும்படி செய்கிறார். முன்பு குற்றவாளி என்று நம்பியவர்களுக்கு எதிராகப் பழகிய அதே கைவேலைதான், இப்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. அப்போதும் அவர் வாயில் நியாயம்தான். ஆக நோக்கம் நல்லதா கெட்டதா என்று கலைச்சொல்லே சான்றிதழ் கொடுக்கக் கூடாது, ஆங்கிலச் சொல்லிலேயே அந்தக் கோளாறு இருக்கிறது, அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? இறுதியில் சான்செஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வருகிறதே என்று கேட்பீர்கள். வரட்டும், பெட்டியில் டைனமைட் வைத்தது சரியாகிவிடுமா?

என் பரிந்துரை 'அறச்சாக்கு முறைகேடு'. சாக்கு என்றால் கோணிப்பைதானே என்று யாராவது சிரிப்பீர்கள், பரவாயில்லை, 'அதைச் சாக்காக வைத்து' என்று தினமும் சொல்கிறோமே. சாட்சியத்தைத் திணிப்பதை மட்டும் தனியாகக் குறிக்க 'ஜோடிப்பு' போதும், 'ஜோடித்த வழக்கு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'ஜோ' வேண்டாம், 'சோடிப்பு' என்று எழுதலாம் என்பவர்களுடன் எனக்குச் சண்டையில்லை.

குழுவில் வழக்கறிஞர்கள் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: தீர்ப்புகளின் தமிழாக்கத்தில் 'ஜோடிப்பு' செல்லுமா, 'புனைவு' என்றுதான் எழுத வேண்டுமா?