எடை பத்தி பேஷண்ட்கிட்ட பேச டாக்டர்களுக்கு எப்படி சொல்லித்தர்றது?

ஓபி_டேபிள்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெனரல் மெடிசின்ல இருக்கேன், புதுசா சேர்ற ஜூனியர் டாக்டர்களுக்கு உடல் பருமன் பத்தி ஒரு மதியம் முழுக்க க்ளாஸ் எடுக்கச் சொல்லியிருக்காங்க. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு) கட்-ஆஃப், வர்ற சிக்கல்கள், மருந்து, ஆபரேஷன் இதெல்லாம் ஸ்லைடு போட்டு முடிச்சிடலாம், எல்லாம் புத்தகத்துலயே இருக்கு. எனக்கு உறுத்துறது வேற. முட்டி வலின்னு வந்து ஒக்காந்த ஒருத்தர்கிட்ட எடைப் பேச்சை எப்படி எடுக்கறதுன்னு நாம யாருக்குமே கத்துக்குடுக்கறதில்ல. ஓபில பாத்தீங்கன்னா சிலர் பிரிஸ்கிரிப்ஷன் எழுதிக்கிட்டே தலைய நிமிராம "வெயிட்ட குறைங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்பிடறாங்க, மத்தவங்க எதுக்கு வம்புன்னு அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல, ரெண்டுலயும் எதிர்ல இருக்கறவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. இத க்ளாஸ்ல சொல்லித்தர முடியுமா, எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? ஒரு ஆளுக்கு கிடைக்கற நேரத்துல இதெல்லாம் நடக்குமான்னு பசங்க கண்டிப்பா கேப்பாங்க, அதுக்கும் பதில் வேணும்.

நைட்_ரவுண்ட்ஸ்

நேரம் பத்தின கேள்விக்கு முதல்ல வர்றேன் சார், ஏன்னா எல்லாரும் சொல்ற சாக்கு அதுதான். 2016ல லான்செட்ங்கற மெடிக்கல் ஜர்னல்ல ஒரு இங்கிலாந்து ட்ரையல் வந்துச்சு, வேற ஏதோ காரணத்துக்கு ஜிபியை, அதாவது அங்க இருக்கற குடும்ப டாக்டரைப் பாக்க வந்த 1,882 பேர் அதுல இருந்தாங்க. பாதிப் பேருக்கு டாக்டர் "எடை குறைஞ்சா உடம்புக்கு நல்லது"ன்னு மட்டும் சொன்னாரு. மீதிப் பேருக்கு சுமார் 30 செகண்ட்ல, எடை குறைக்க உதவற 12 வார ப்ரோக்ராம் இலவசமா இருக்கு, உங்கள அனுப்பட்டுமான்னு கேட்டாரு, சரின்னு சொன்னவங்களுக்கு கிளம்பறதுக்குள்ள அப்பாயின்மென்ட்டும் போட்டாச்சு. 77 சதவீதம் பேர் சரின்னாங்க, 40 சதவீதம் பேர் உண்மையாவே போனாங்க. ஒரு வருஷம் கழிச்சு, போகாதவங்களயும் சேத்து இந்தப் பாதிப் பேருக்கு சராசரியா 2.4 கிலோ குறைஞ்சிருந்துச்சு, வெறும் அறிவுரை கேட்டவங்களுக்கு 1 கிலோ. இந்தப் பேச்சு தனக்கு உதவாது, இங்க இது பொருத்தமே இல்லன்னு நெனச்சவங்க நூத்துல ஒருத்தர்கூட இல்ல. டாக்டர்கள் பயப்படற மாதிரி கிட்டத்தட்ட யாரும் கோவிச்சுக்கல. இந்த ஒரு ட்ரையல மட்டும் அரை மணி நேரம் பேச விடுங்க, க்ளாஸ் தானா சூடு பிடிக்கும்.

கடைசி_வரிசை

நான் டாக்டர் இல்ல, மேசைக்கு எதிர்ப் பக்கம் ஒக்காரற ஆளு. சொல்லலாம்னா சொல்றேன்.

எனக்கு வலிப்புக்கு வால்ப்ரோயேட் ஆரம்பிச்ச பிறகுதான் எடை ஏற ஆரம்பிச்சுது. அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டுன்னு யாருமே சொல்லல, ஒவ்வொரு தடவ போறப்பவும் எடை மெஷின்ல ஏத்தி, வராண்டால எல்லார் காதுலயும் விழற மாதிரி நம்பர சத்தமா சொல்லி, அப்புறம் உள்ள கூப்பிட்டு வாயக் கட்டுங்கன்னு சொல்லுவாங்க. ஒரு கட்டத்துல டாக்டர்கிட்ட போறதையே தள்ளிப் போட்டேன், வலிப்பு மருந்து எடுக்கறவங்க அப்படித் தள்ளிப் போடக் கூடாதுன்னு தெரிஞ்சும். ரொம்ப நாள் கழிச்சு வேற ஒரு டாக்டரம்மா, "எடை எப்பலேர்ந்து ஏற ஆரம்பிச்சுது, அந்த சமயத்துல என்ன நடந்துச்சு"ன்னு கேட்டாங்க, அவ்வளவுதான் கேட்டாங்க, நான் அழுதுட்டேன். உங்க பசங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, எங்ககிட்ட புதுசா அறிவுரை சொல்றதுக்கு முன்னாடி நாங்க இதுவரைக்கும் என்னென்ன பண்ணிப் பாத்தோம்னு கேக்கச் சொல்லுங்க. கை வெச்ச நாற்காலில எங்களால ஒக்கார முடியாது, பிபி பட்டை கையச் சுத்தி வராது, இதயும் யாராவது கவனிச்சா நல்லாருக்கும்.

ஹார்மோன்_பக்கம்

மேல அக்கா சொன்ன பிபி பட்டை விஷயம் மரியாதைக்கு மட்டும் இல்ல, சின்ன பட்டைய இழுத்துக் கட்டினா பிபி நெஜத்த விட அதிகமா காட்டும், தேவையில்லாம மருந்து ஏறும். இத க்ளாஸ்ல செஞ்சே காட்டுங்க.

ஆனா நைட்_ரவுண்ட்ஸ் சார் சொன்னதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அந்த 30 செகண்ட் வேலை செஞ்சுதுன்னா அதுக்குக் காரணம் பேச்சு மட்டும் இல்ல, கையில குடுக்க ஒரு ப்ரோக்ராம் தயாரா இருந்துச்சு. உங்க ஆஸ்பத்திரில டயட்டீஷியனோ, ஃபாலோ-அப் க்ளினிக்கோ, எதுவோ ஒண்ணு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பசங்க அழகா அனுமதி கேட்டுட்டு அடுத்து சொல்ல ஒண்ணும் இல்லாம முழிப்பாங்க.

இன்னொண்ணு, பேசற விதத்துக்கு முன்னாடி பயாலஜி வரணும்னு நான் நினைக்கறேன். சோம்பேறித்தனம்தான் காரணம்னு உள்ளுக்குள்ள நம்பற டாக்டர் எவ்வளவு இனிமையா பேசினாலும் முகத்துல தெரிஞ்சிடும். 1994ல பசிய அடக்கற லெப்டின்ங்கற ஹார்மோன கண்டுபிடிச்சதுலேர்ந்து தெரியும், எடை குறைஞ்சா லெப்டின் இறங்கும், பசிய ஏத்தற க்ரெலின் கூடும், உடம்பு பழைய எடைக்கே இழுக்கும். 2011ல ஆஸ்திரேலியால ஒரு ஆய்வு வந்துச்சு, 10 வாரம் கடுமையான டயட்ல இருந்து எடை குறைச்சவங்கள ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்பவும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பல, பசியும் கூடத்தான் இருந்துச்சு. குறைச்ச எடை ஏன் திரும்ப ஏறுதுன்னு இது புரிஞ்ச டாக்டர் பேஷண்ட திட்ட மாட்டாரு. அப்புறம் எடைய ஏத்தற மருந்து ஏதாவது எடுக்கறாங்களான்னு லிஸ்ட பாக்கற பழக்கம் வரணும்: ஸ்டீராய்டு, இன்சுலின், ஓலான்சபைன் (மனநோய் மருந்து), வால்ப்ரோயேட், மிர்டாசபைன் (மனச்சோர்வு மருந்து). மாத்த முடியுமான்னு டாக்டர்தான் யோசிக்கணும், பேஷண்ட் தானா நிறுத்திடக் கூடாது, அதயும் அதே மூச்சுல சொல்லணும்.

ஓபி_டேபிள்

ரொம்ப நன்றி எல்லாருக்கும், குறிப்பா கடைசி_வரிசை அவங்களுக்கு. நான் போட்ட வரிசைய மாத்தறேன், பயாலஜி முதல்ல. ஆனா ரோல்-ப்ளே எப்படி பண்றது? போன தடவ வேற தலைப்புல பண்ணப்ப ரெண்டு பேர் நடிச்சாங்க, மீதிப் பேர் வேடிக்க பாத்தாங்க.

சிமுலேஷன்_லேப்

எல்லாரையும் மூணு மூணு பேரா பிரிச்சிடுங்க, டாக்டர் ஒருத்தர், பேஷண்ட் ஒருத்தர், கவனிக்கறவர் ஒருத்தர், மாத்தி மாத்தி. கவனிக்கறவர் கையில சின்ன தாள் குடுங்க: அனுமதி கேட்டாரா, யார் அதிகம் பேசினது, முடிவுல அடுத்த சந்திப்பு குறிச்சாங்களா, இவ்வளவு போதும். 5 ஏ-ன்னு ஒரு முறை இருக்கு, இங்கிலீஷ்ல அஞ்சு படியும் A-ல ஆரம்பிக்கும்: கேளு, மதிப்பிடு, ஆலோசனை சொல்லு, சேர்ந்து முடிவெடு, உதவு. மனப்பாடம் பண்ண வெக்காதீங்க, ஒவ்வொரு படிக்கும் வாயில வர்ற வாக்கியம் அவங்களே கண்டுபிடிக்கணும். உதாரணமா, "முட்டிக்கு மருந்து எழுதறேன், எடைக்கும் இதுல பங்கு இருக்கு, அதப் பத்தி இன்னைக்குப் பேசலாமா, இல்ல வேற ஒரு நாள் பேசலாமா?"

பேஷண்ட் "வேண்டாம்"னு சொல்ற காட்சிய கட்டாயம் வையுங்க. பெரும்பாலான பசங்க அங்கதான் ஒண்ணு வாதாட ஆரம்பிப்பாங்க, இல்லன்னா அப்படியே சுருங்கிடுவாங்க. "சரிங்க, எப்ப வேணும்னாலும் என்கிட்ட கேக்கலாம்"னு சொல்லிட்டு முட்டிய நல்லா பாக்கறதயும் பழக்கணும். இலக்கு பேசற காட்சி ஒண்ணும் வேணும், ஏன்னா டாக்டர்களே 30 கிலோ 40 கிலோன்னு பெருசா சொல்லி பயமுறுத்திடறாங்க. அமெரிக்காவுல 2002ல வந்த நீரிழிவு தடுப்பு ஆய்வுல வெச்ச இலக்கே 7 சதவீத எடைதான், கூட வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி, அதுக்கே நீரிழிவு வர்றது 58 சதவீதம் குறைஞ்சுது.

முடிஞ்சா ஓஎஸ்சிஈல (ஸ்டேஷன் ஸ்டேஷனா போய் செஞ்சு காட்டற மெடிக்கல் பரீட்சை) இதுக்கு ஒரு ஸ்டேஷன் போட்டுடுங்க, மார்க் இல்லாத விஷயத்த யாரும் சீரியஸா எடுக்கறதில்ல. அதோட எடையோட வாழற ஒருத்தர க்ளாஸுக்கு அழைங்க, பேஷண்டா இல்ல, சொல்லித்தர்றவரா.

ஓபி_டேபிள்

கடைசி_வரிசை, தப்பா எடுத்துக்காதீங்க, ஆன்லைன்லயாவது வந்து பேசுவீங்களா?

கடைசி_வரிசை

வர்றேங்க. ஆனா மேடைல நிக்க வெச்சு கேஸ் மாதிரி காட்டக் கூடாது, பசங்க சின்ன சின்ன குழுவா என்கிட்ட பேசிப் பாக்கட்டும், நான் எந்த இடத்துல கதவ மூடிட்டேன்னு உடனே அவங்ககிட்டயே சொல்லிடறேன். உங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கேன் பாருங்க.