விண்ணப்பத்தில் ‘எண்டெவர்’ என்று எழுதலாமா?

வணக்கம், காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். தங்கை மகள் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலை விண்ணப்பம் தயார் செய்கிறாள். திங்கட்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். கடைசி வரி, ‘ஐ வில் எண்டெவர் டு லேர்ன் த வொர்க் குவிக்லி’. அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

வீட்டு அகராதியைப் புரட்டினால் எஃபர்ட், அட்டெம்ப்ட், எண்டெவர் மூன்றுக்கும் ‘முயற்சி’ என்றே போட்டிருக்கிறது. தெரிந்த வாத்தியார் ‘டிரை’ போதும் என்கிறார். எனக்கு அது ரொம்பச் சாதாரணமாகப் படுகிறது. எண்டெவர் பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வரும் என்பது வரை தெளிவு. ஆனால் 1768-ல் கேப்டன் குக் கிளம்பிய கப்பலுக்கும், 1992-ல் முதன்முதலில் பறந்த நாசா விண்கலத்துக்கும் இதே பெயர். அவ்வளவு கனமான வார்த்தை, முதல் வேலைக்கு எழுதும் பெண்ணின் கடிதத்தில் துருத்திக்கொண்டு தெரியுமோ என்றுதான் யோசனை. எங்கள் வீட்டிலிருந்து போகும் முதல் ஆங்கில விண்ணப்பம் இது, நன்றாக அமைய வேண்டும்.

அலுவலகக் கடிதங்கள் பார்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: அந்த வரியில் எண்டெவர் இயல்பாக இருக்கிறதா, இல்லை ‘ஐ வில் மேக் எவ்ரி எஃபர்ட் டு’ என்று மாற்றுவது நல்லதா?