செயற்கைக் கண், காது, விரல்: நம் கரையோரத்தில் கண்டதும் பட்டதும்

மண்டபம் ஆசிரியை

2021-இல் இரண்டாம் அலையின்போது கரும்பூஞ்சை நோயால் கண்ணை இழந்தவர்களை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். சர்க்கரை நோயாளியான அவரைக் கொரோனாவிலிருந்து ஸ்டீராய்டு கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள். அதன் பிறகு சைனஸ் அறைகளிலிருந்து பூஞ்சை கண்ணுக்கு ஏறிவிட்டது. விழியோடு இமைகளையும் எடுத்துவிட்டதால், வழக்கமான செயற்கைக் கண்ணைத் தாங்கிப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. ஆகவே இமை, இமைமயிர், புருவத்தின் ஓரம், கன்னத்தின் மேற்பகுதி எல்லாம் சேர்ந்த சிலிக்கான் முகப்பகுதி ஒன்றைச் செய்து வாங்கி, பசை தடவி ஒட்டி, அதன்மேல் தடித்த விளிம்புள்ள மூக்குக்கண்ணாடி அணிந்துகொள்கிறார்.

உச்சிப்புளியில் சித்திரை மாதத்தில் ஒரு கல்யாணப் பந்தி. புழுக்கம் தாங்க முடியவில்லை. எதிர் வரிசையில் நான் அமர்ந்திருந்தேன். வேர்வையில் பசை இளகி, பெரியப்பாவின் கன்னத்து ஓரம் மெல்ல எழும்பியது. பக்கத்திலிருந்த பேரன், பள்ளிக்கூடம்கூடப் போகாத பிள்ளை, "தாத்தா, ஓரம் எந்திரிக்குது" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் ஏறி நின்று, சாம்பார் படாத கையின் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். வீட்டில் தினமும் பெரியம்மா அப்படிப் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். பெரியப்பா அசையாமல் இருந்து, பிறகு ரசத்துக்குக் கையைக் குவித்தார். அடுத்த இலையில் இருந்த உறவினர் மட்டும் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். "இந்த நிலையில் இருக்கிறவர் வீட்டோடு இருக்கக் கூடாதா?" என்று மறுநாள் என் அம்மாவிடம் கேட்டாராம். அந்தக் கேள்வி இன்றுவரை என் நெஞ்சை அறுக்கிறது.

பாம்பன் விசைப்படகு

ஆசிரியை அக்கா சொன்ன உறவினரைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வருந்திப் பயனில்லை என்பது என் கருத்து. என் பிரச்சினை வேறு. வலை இழுக்கும்போது வின்ச்சில் கம்பி சுற்றி, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போய்விட்டன. மிச்சமிருந்த விரல்கட்டை போதுமான நீளம் என்பதால், பசை இல்லாமலே உறைபோல இறுக்கிப் பிடிக்கும் சிலிக்கான் விரல்களைச் செய்து கொடுத்தார்கள். நகம், ரேகை, முட்டிச் சுருக்கம் எதிலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நிறம் பார்த்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் இருக்கிறவனின் கை வெளுத்துப் போகும் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கடல் திறந்து தொழிலுக்குப் போய்வரத் தொடங்கியதும் கை கறுத்தது, விரல்கள் கறுக்கவில்லை. ஏலக்கூடத்தில் இறால் வியாபாரி பணத்தை எண்ணிக்கொண்டிருந்தவர், நான் கை நீட்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, வெளுத்த அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலே இல்லாமல் போனபோது அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. கடலில் நான் அவற்றை அணிவதில்லை. கயிறு பிடிக்க அவை உதவா. கரையில் நாலு பேருக்கு நடுவில் நிற்பதற்குத்தான். காது வைத்தால் கேட்கவாவது செய்யும் என்கிறார்கள். விரலுக்கு அந்தப் பயனும் இல்லை.

கீழக்கரை உம்மா

பாம்பன் தம்பி, செயற்கைக் காது வைத்தால் கேட்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். என் மகள் பிறக்கும்போதே வலது காது மடல் ஒரு சிறு சதைத் துணுக்காகத்தான் இருந்தது. காதுத் துளையும் அடைபட்டிருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உள்காது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்றும், எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் கருவி தனி, காது மடல் தனி என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மடல் என்பது தோற்றத்துக்கும், மூக்குக்கண்ணாடியின் காலை மாட்டிக்கொள்வதற்கும்தான். விலா எலும்பின் குருத்தெலும்பை எடுத்து மடல் செய்யும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. அதை என் மகள் வேண்டாம் என்றாள்.

மனத்தில் நிற்பது மெழுகுக் காதைச் சரிபார்த்த நாள்தான். இடது காதை அச்சு எடுத்து, அதன் எதிர்வடிவமாக வலது காதை மெழுகில் செதுக்கி வைத்திருந்தார் அந்தத் தொழில்நுட்பர். அதைத் தலையில் வைத்து, முன்னாலிருந்து பார்த்தார், பின்னாலிருந்து பார்த்தார், இரண்டு காதும் ஒரே அளவு விலகி நிற்கின்றனவா என்று அளவுகோலால் பார்த்தார். மகள் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "உம்மா, இதுல ஓட்டை இல்லையே, பெருநாளைக்குத் தோடு எப்படிப் போடுறது?" என்று கேட்டாள். அவர் ஒன்றும் பேசாமல் ஊசியைச் சூடாக்கி, இடது காதில் துளை எங்கே இருந்ததோ அதே இடத்தில் மெழுகில் குத்தினார். கனமான ஜிமிக்கி போட்டால் சிலிக்கான் கிழியும், சின்னத் தோடுதான் போட வேண்டும் என்று அவளிடம் உறுதி வாங்கிக்கொண்டார். என் வாப்பா அன்று வரை "பொம்பளப் பிள்ளைக்கு முக்காடு இருக்கே, எதுக்கு இந்தச் செலவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முக்காட்டுக்குள் இருந்தாலும் காது அவளுடையது. இதை நான் அவரிடம் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

தேவிபட்டினம் லேப்காரர்

பல் லேப்பில் வாழ்நாள் முழுதும் வேலை பார்த்தவன் நான். தங்கச்சிமடத்துப் பக்கம் மீன் விற்ற ஒரு அம்மாவுக்குப் புகையிலையால் மேல் அண்ணத்தில் புற்றுநோய் வந்து, அண்ணத்தின் பாதியை எடுத்துவிட்டார்கள். குடிக்கிற தண்ணீர் மூக்கால் வந்தது. பேசினால் காற்றுத்தான் வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அக்ரிலிக் தட்டைப் பல்லோடு சேர்த்துச் செய்து பொருத்தியதும், அந்த அம்மா ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு, லேப் முழுக்கக் கேட்கும்படி "நண்டு, கணவாய், நகரை" என்று கூவிப் பார்த்தார். எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய சம்பளம் எனக்குக் கிடைத்ததில்லை.

யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சிலிக்கான் உறுப்பு ஆயுள் முழுவதும் வராது. வெயிலும் வேர்வையும் நிறத்தைத் தின்னும், ஓரங்கள் மெலிந்து கிழியும், ஓரிரு ஆண்டுகளில் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். நம் கடற்கரை வெயிலில் அது இன்னும் விரைவாக நடக்கலாம் என்று எண்ணிச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள். அச்சைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும்படி லேப்பில் சொல்லுங்கள். அடுத்த முறை வேலை பாதி குறையும். இரவில் கழற்றி வையுங்கள், தோலுக்கு மூச்சு வேண்டும். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும். பெட்ரோல், தின்னர் தொடவே கூடாது. பழைய பசையை முழுக்க எடுக்காமல் புதுப் பசையைத் தடவினால் ஓரம் கட்டாயம் எழும்பும். ஆசிரியை அம்மாவின் பெரியப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். பசை ஒத்துவராதவர்களுக்கு எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து, காந்தத்தால் ஒட்டவைக்கும் முறை இருக்கிறது. சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவரின் குழுவினர் 1970-களின் இறுதியில் காதுப் பகுதியில் தொடங்கியது அது. காந்தம் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். செயற்கைக் கண் மட்டும் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பாலிஷ் போட்டுக்கொள்ள வேண்டும், சிறு பிள்ளைகளுக்கு எலும்பு வளர வளரப் பெரிதாக மாற்றவும் வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்கென்றே பிரிவு உண்டு. முகத்துக்கும் அண்ணத்துக்கும் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியின் செயற்கைப்பல் துறையில் விசாரிக்கலாம்.

பாம்பன் தம்பியின் நிறக் கவலை புதிதல்ல. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குப் பாரிஸில் மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்த அன்னா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி, மேகமூட்டமான நாளுக்கும் வெயில் நாளுக்கும் இடைப்பட்ட ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்துத் தீட்டினார். இன்றைக்கு அப்படிச் சமாளிக்க வேண்டியதில்லை. வேனிலுக்கு ஒன்றும் குளிருக்கு ஒன்றுமாக இரண்டு நிறத்தில் செய்யும் பழக்கம் வெளிநாடுகளில் இருக்கிறது. கடல் திறந்து சில வாரம் கழித்து, கை நன்றாகக் கறுத்த பிறகு, பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் உட்கார்ந்து நிறம் பார்க்கச் சொல்லுங்கள். டியூப்லைட்டில் பார்த்த நிறம் வெளியே வந்தால் மாறித்தான் தெரியும்.

ஏர்வாடி

எல்லாரும் செய்து பொருத்துவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் அண்ணனுக்குத் திருவிழாவில் வெடி வெடித்து மூக்கின் ஒரு பக்கம் போய்விட்டது. செய்து வாங்கிய மூக்கைப் பெட்டியில் வைத்துவிட்டு, துண்டை மடித்து முகத்தில் கட்டிக்கொண்டுதான் சங்கு எடுக்கக் கடலுக்குப் போகிறார். அண்ணியும் பிள்ளைகளும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்பதில்லை. வீட்டுக்கு வரும் உறவினர்கள்தான் "ஏன் மாட்டவில்லை" என்று ஆளுக்கு ஒரு பாடம் நடத்துகிறார்கள். பந்தியில் எழுந்து போனவருக்கும் இவர்களுக்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. லேப்காரர் ஐயா மன்னிக்க வேண்டும், உங்களைச் சொல்லவில்லை.

மண்டபம் ஆசிரியை

ஏர்வாடித் தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மாட்டுவதும் கழற்றுவதும் அவரவர் விருப்பம். ஆனால் என் பெரியப்பா மாட்டிக்கொண்டு வெளியே வர விரும்புகிறவர். அவரை உள்ளே இருக்கச் சொன்னதுதான் என் வருத்தம். பசை பற்றிய செய்தியைப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பாம்பன் விசைப்படகு

லேப்காரர் ஐயா, இரண்டு நிறத்தில் செய்யலாம் என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. இருக்கிற ஜோடியைத் தடைக்காலத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஆவணியில் கை கறுத்ததும் போய், தொழில் காலத்துக்கு இன்னொரு ஜோடி கேட்கிறேன்.